ஒரே மாதத்தில் பட்ஜெட் பச்சை, ஸ்கோர்கார்டு சிவப்பு: எந்தத் தாளை நம்புவது?

வார்ப்பாலைக் கணக்கர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு அருகே பம்பு உறுப்புகளையும் டிராக்டர் உறுப்புகளையும் வார்த்துத் தரும் நடுத்தர அளவிலான ஓர் ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக மேலாண்மைக் கணக்குப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தொடங்கி மார்ச் இறுதிக்குள் அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட்டைத் துறைவாரியாகத் தயாரிப்போம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆலோசனை நிறுவனம் வந்து, நிதி, வாடிக்கையாளர், உள் செயல்முறை, கற்றலும் வளர்ச்சியும் என நான்கு கோணங்களில் 27 அளவீடுகள் கொண்ட ஸ்கோர்கார்டு ஒன்றை அமைத்துத் தந்தது. பட்ஜெட் ஆய்வுக் கூட்டம் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி நிதித் துறையின் தலைமையிலும், ஸ்கோர்கார்டு கூட்டம் 20-ஆம் தேதி தரப் பிரிவின் தலைமையிலும் நடைபெறுகின்றன.

கடந்த காலாண்டில் ஒரு மாதம், இரும்பை உருக்கும் உருக்குப் பிரிவுக்குப் பட்ஜெட் தாளில் சாதகமான வேறுபாடு, அதாவது பட்ஜெட்டைவிடக் குறைந்த செலவு, கிடைத்தது. பத்து நாள் கழித்து அதே பிரிவின் ஸ்கோர்கார்டில் ரிஜெக்‌ஷன் விகிதத்துக்கு (குறையுள்ளவை என்று ஒதுக்கப்படும் வார்ப்புகளின் பங்கு) நேரே சிவப்புக் குறி இருந்தது. பிரிவுத் தலைவர் என் மேசைக்கு வந்து இரண்டு தாள்களையும் வைத்து, "இதில் எது உண்மையான தாள் என்று சொல்லுங்கள், நான் அதை மட்டும் பார்க்கிறேன்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நிர்வாக இயக்குநரோ இரண்டில் ஒன்றை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். இரண்டையும் உண்மையிலேயே இணைத்து நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றனவா, இணைப்பது என்றால் எந்த இடத்தில் இணைப்பது, ஊக்கத்தொகையை எதன் அடிப்படையில் கணக்கிடுவது என்பவற்றில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய காஸ்டிங் ஆள்

ஐயா, நான் ஓய்வு பெற்ற செலவுக் கணக்காயர். எங்கள் ஆலையிலும் வார்ப்புப் பிரிவுக்கும் செலவுக் கணக்குப் பிரிவுக்கும் "காஸ்டிங்" என்ற ஒரே பெயர்தான் வழங்கியது. தபால்கள் மாறி மாறி வரும். உங்கள் சிக்கலும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான்: ஒரே பொருளை இரண்டு தாள்கள் இரண்டு வேறு எண்களால் குறிக்கின்றன.

உங்களிடம் எண்கள் இருக்கும். நான் ஊகமாக ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மாதம் 400 டன் நல்ல வார்ப்பு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் போட்டபோது சென்ற ஆண்டின் சராசரியை எடுத்து 6 விழுக்காடு ரிஜெக்‌ஷன் என்று எழுதியிருப்பீர்கள். அந்தக் கணக்கின்படி சுமார் 425.5 டன் வார்க்க வேண்டும். ஸ்கோர்கார்டு அமைத்தவர்களோ வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பைப் பார்த்து 4 விழுக்காடு என்று இலக்கு வைத்திருப்பார்கள், அதன்படி 416.7 டன் போதும். உண்மையில் அந்த மாதம் 5 விழுக்காடு ரிஜெக்‌ஷன் ஆனது என்றால் 421 டன் வார்த்திருப்பார்கள். பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் நான்கரை டன் சேமிப்பு, எனவே பச்சை. ஸ்கோர்கார்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ அதே அளவு விரயம், எனவே சிவப்பு. இரண்டு தாள்களும் பொய் சொல்லவில்லை. 6-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும் அந்த இரண்டு விழுக்காட்டை யாருடைய பொறுப்பு என்று யாருமே எழுதி வைக்கவில்லை என்பதுதான் குறை.

அந்த இரண்டு விழுக்காட்டின் விலை என்ன என்பதையும் பார்த்துவிடுங்கள். வித்தியாசம் கிட்டத்தட்ட 9 டன். ரன்னர், ரைசர் (உருகிய இரும்பு அச்சுக்குள் செல்லும் வழிகளில் உறைந்து நின்றுவிடும் பகுதிகள்) எல்லாம் போக விளைச்சல் 60 விழுக்காடு என்றால், 9 டன் வார்ப்புக்கு 15 டன் உருக்கிய இரும்பை ஊற்றியாக வேண்டும். இண்டக்‌ஷன் உலையில் டன்னுக்கு ஏறத்தாழ 600 யூனிட் என்று கொண்டால் 9,000 யூனிட் மின்சாரம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 72,000 ரூபாய். இரும்பு மறுபடி உலைக்கே திரும்பி வந்துவிடும் என்பதால் அதன் முழு விலையையும் இழப்பாகக் காட்டக் கூடாது. ஆனால் மணல், கோர் (உட்குழிவுக்கான மணல் கரு), ரெசின், மோல்டு (மணல் அச்சு) அடித்த கூலி, பெட்லிங் (வார்ப்பைச் சுத்தம் செய்யும்) கூலி ஆகியவை திரும்பி வாரா. இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, ரிஜெக்‌ஷன் ஒரு விழுக்காடு குறைந்தால் இலாபத்தில் எத்தனை ரூபாய் கூடும் என்று காட்டிவிட்டால், 20-ஆம் தேதிக் கூட்டத்தின் மொழியும் 10-ஆம் தேதிக் கூட்டத்தின் மொழியும் ஒன்றாகிவிடும்.

ஆகவே என் கருத்து இது. பட்ஜெட்டையும் ஸ்கோர்கார்டையும் இணைக்க வேண்டிய இடம் அறிக்கையின் கடைசிப் பக்கம் அன்று. செலவைத் தீர்மானிக்கும் பௌதிக அளவுகளின் பட்டியல்தான் அந்த இடம். ரிஜெக்‌ஷன் விகிதம், டன்னுக்கு யூனிட், உலை நின்ற மணி நேரம், ஓர் ஆளுக்கு எத்தனை மோல்டு, குறித்த நாளில் அனுப்பிய ஆர்டர் விகிதம் போன்ற ஏழெட்டு அளவுகளை ஒரே பட்டியலாக வைத்து, பட்ஜெட் கணக்கும் அதிலிருந்தே எண்ணை எடுக்க வேண்டும், ஸ்கோர்கார்டும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஏப்ரலில் 6 விழுக்காட்டில் தொடங்கி மார்ச்சில் 4 விழுக்காட்டை அடைவது என்று மாதவாரியாகப் படிக்கட்டு போட்டு, அதே படிக்கட்டைப் பட்ஜெட்டிலும் ஏற்றுங்கள். உற்பத்தி அளவு மாறும்போது உண்மையான டன்னுக்கு ஏற்பப் பட்ஜெட்டைத் திருத்திக் கணக்கிடுவதும் கட்டாயம். இல்லையேல் ஆர்டர் குறைந்த மாதத்தில் எல்லாப் பிரிவும் சிக்கனமானவையாகத் தோன்றும்.

மீதமுள்ள பத்தொன்பது அளவீடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவற்றை யார் கேட்டார்கள் என்று ஆலோசனை நிறுவனத்திடம்தான் விசாரிக்க வேண்டும்.

ஸ்டாவஞ்சர் தமிழன்

மேலே ஐயா சொன்ன பட்டியல் யோசனையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் படிக்கட்டு போட்ட இலக்கையே பட்ஜெட்டிலும் ஏற்றுவது என்பதில் எனக்கு மாறுபாடு உண்டு. நான் நார்வேயில் எண்ணெய்த் துறைக்குச் சேவை வழங்கும் ஒரு நிறுவனத்தில் திட்டமிடல் பணியில் இருக்கிறேன். இங்கே இந்த விவாதம் முப்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது.

நார்வேயின் ஸ்டாட்ஆயில், பின்லாந்தின் நெஸ்டே ஆகிய இரு எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோரசாயனப் பிரிவுகள் 1994-இல் இணைந்து போரியாலிஸ் என்ற நிறுவனம் உருவானது. பிளாஸ்டிக் மூலப்பொருளின் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் தொழிலில், ஆண்டு பட்ஜெட் கையெழுத்தாவதற்குள் காலாவதியாகிவிடுவதைக் கண்ட அந்த நிறுவனம் 1995-இல் பட்ஜெட்டையே கைவிட்டது. பட்ஜெட் என்ற ஒரே ஆவணம் மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்ததை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். எட்ட வேண்டிய இலக்கைச் சொல்வது ஒன்று; என்ன நடக்கக்கூடும் என்று முன்கணிப்பது மற்றொன்று; பணத்தை எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று ஒதுக்குவது மூன்றாவது. இலக்கை ஸ்கோர்கார்டுக்கும், முன்கணிப்பை ஐந்து காலாண்டுகளை எப்போதும் முன்னோக்கிப் பார்க்கும் உருளும் கணிப்புக்கும், ஒதுக்கீட்டைத் தனித்தனி முதலீட்டு முடிவுகளுக்கும் செலவுப் போக்கைக் கண்காணிப்பதற்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பணியில் முன்னின்ற பியார்டே பொக்ஸ்னெஸ் பின்னர் ஸ்டாட்ஆயிலிலும் அதே வழியைக் கொண்டுவந்தார். 2005-இல் அங்கும் மரபான பட்ஜெட் நீக்கப்பட்டு, ஸ்கோர்கார்டை அடித்தளமாகக் கொண்ட முறை நடைமுறைக்கு வந்தது. இன்று அந்த நிறுவனத்தின் பெயர் எக்குவினோர்.

இந்தப் பிரிவினையில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். இலக்கு என்பது கொஞ்சம் எட்டாததாக இருக்க வேண்டும். முன்கணிப்பு என்பது நடுநிலையானதாக, பாதி நேரம் கூடவும் பாதி நேரம் குறையவும் செய்வதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் இரண்டில் ஒன்று கெடும். பழைய காஸ்டிங் ஐயா சொல்வதுபோல் மார்ச்சில் 4 விழுக்காடு என்று பட்ஜெட்டிலும் எழுதிவிட்டு, உண்மையில் 5 விழுக்காட்டில் நின்றுவிட்டால், இரும்பும் மின்சாரமும் வாங்கக் கையில் பணம் இருக்காது. எனவே ரிஜெக்‌ஷனுக்கு இரண்டு எண்கள் இருப்பது பிழையே அன்று. அவை இரண்டும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில், "இலக்கு 4, எதிர்பார்ப்பு 5" என்று எழுதப்படாததுதான் பிழை.

ஸ்கோர்கார்டை உருவாக்கியவர்களும் இதை உணராமல் இல்லை. ராபர்ட் காப்லானும் டேவிட் நார்ட்டனும் 1992-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய முதல் கட்டுரை அளவீடுகளைப் பற்றியது மட்டுமே. பணத்தோடு அதை எப்படிப் பிணைப்பது என்பது அதில் பெரிதாக இல்லை. பின்னர் 2008-இல் வெளியிட்ட நூலில், அன்றாடச் செலவு, மூலதனச் செலவு ஆகிய இரண்டோடு உத்திச் செலவு என்ற மூன்றாவது தலைப்பைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். இதன் பயன் மிக எளிமையானது. உங்கள் ஸ்கோர்கார்டில் ரிஜெக்‌ஷனை 4-க்குக் கொண்டுவர வேண்டும் என்று இருக்கிறது. அதற்காக மணல் சோதனைக் கருவி வாங்க வேண்டும், மோல்டர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் பராமரிப்பு, பயிற்சி என்ற பொதுத் தலைப்புகளுக்குள் கரைந்து கிடந்தால், இரண்டாம் காலாண்டில் இலாபம் குறைந்ததும் முதலில் வெட்டப்படுவது அதுதான். அதைத் தனித் தலைப்பில் வைத்து, நிர்வாக இயக்குநரின் கையெழுத்து இல்லாமல் வெட்டக் கூடாது என்று விதி செய்தால், ஸ்கோர்கார்டுக்குப் பணபலம் கிடைக்கிறது. பணம் ஒதுக்கப்படாத இலக்கு சுவரில் ஒட்டிய காகிதம்தான்.

வார்ப்பாலைக் கணக்கர்

இருவருக்கும் நன்றி. பட்ஜெட்டையே நீக்குவது எங்களால் இயலாது என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நடைமுறை மூலதனக் கடன் வரம்பை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வங்கி சிஎம்ஏ விவரங்களை (கடன் வரம்பைக் கணிக்க உதவும் மதிப்பீட்டுப் படிவங்கள்) கேட்கிறது. அடுத்த ஆண்டின் விற்பனை, சரக்கிருப்பு, கடனாளிகள் எல்லாவற்றுக்கும் மதிப்பீடு கொடுத்தாக வேண்டும். நாங்கள் கொடுக்கும் மதிப்பீட்டுக்கும் காலாண்டு முடிவுக்கும் வித்தியாசம் அதிகமானால் வங்கி விளக்கம் கேட்கும். ஆகவே ஆண்டு பட்ஜெட் இருந்தே தீரும். "இலக்கு, எதிர்பார்ப்பு" என்று இரண்டு நிரல்கள் போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வங்கிக்கு எந்த நிரலைக் கொடுப்பது?

ஸ்டாவஞ்சர் தமிழன்

எதிர்பார்ப்பு நிரலை. இலக்கு உங்கள் ஆலைக்குள் மட்டும் புழங்கட்டும்.

மேகலா, திருச்சி

நான் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் பணிபுரிந்தவள். நீங்கள் வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நம் நாட்டிலேயே மிகப் பெரிய அளவில் இந்த இணைப்பு முயற்சி நடந்திருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1984-இல் அர்ஜுன் சென்குப்தா குழு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அவற்றின் அமைச்சகங்களுக்கும் இடையே ஆண்டுதோறும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை வந்தது. 2004-05 முதல் அந்த ஒப்பந்தம் ஸ்கோர்கார்டு அணுகுமுறையில் திருத்தி அமைக்கப்பட்டு, நிதி அளவீடுகளுக்கு 50 விழுக்காடும் நிதிசாரா அளவீடுகளுக்கு 50 விழுக்காடும் எடை தரப்பட்டது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் மிகச் சிறப்பு முதல் மோசம் வரை ஐந்து படிநிலைகளில் இலக்கு எழுதப்படும்; ஆண்டு இறுதியில் கிடைக்கும் மதிப்பெண் பின்னாளில் அலுவலர்களின் செயல்திறன் சார்ந்த ஊதியத்தோடும் பிணைக்கப்பட்டது. பின்னர் வந்த வழிகாட்டுதல்களில் எடைகள் மாறின.

அதில் நான் கற்றது ஒன்று உண்டு. பட்ஜெட்டில் விற்பனையைக் குறைத்து எழுதுவதும் செலவைக் கூட்டி எழுதுவதும் எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். ஸ்கோர்கார்டு வந்தால் அது ஒழியும் என்று நினைப்பது தவறு. அந்தப் பழக்கம் நிதிசாரா அளவீடுகளுக்கும் பரவுகிறது, அவ்வளவுதான். "மிகச் சிறப்பு" என்ற படிக்கு என்ன எண் என்பதைப் பேசி முடிப்பதிலேயே முழு சாமர்த்தியமும் செலவாகும். ஏற்கெனவே பாதி முடிந்த பயிற்சித் திட்டத்தை அடுத்த ஆண்டின் இலக்காக எழுதும் கலையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால் நானே இரண்டு முறை தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். எனவே எந்த அளவீட்டுக்கும் இலக்கு வைக்கும்போது அந்தப் பிரிவின் முந்தைய ஐந்து ஆண்டுகளின் உண்மையான எண்களைப் பக்கத்தில் அச்சிடுங்கள். சிறந்த ஆண்டைவிடக் குறைவான இலக்கு என்றால் காரணம் எழுதியாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாதிப் பேரம் அங்கேயே அடங்கிவிடும்.

ஆய்வு மாணவர்

ஊக்கத்தொகை பற்றிய கேள்வி இன்னும் தொடப்படாமல் இருப்பதால் எழுதுகிறேன். மேலாண்மைக் கணக்கியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துவருகிறேன்; ஆலை அனுபவம் இல்லை.

பொருளியல் அறிஞர் மைக்கேல் ஜென்சன் 2001-இல், பட்ஜெட் இலக்கை ஊக்கத்தொகையோடு பிணைப்பது மேலாளர்களுக்குப் பொய் சொல்லக் கூலி கொடுப்பதற்கு ஒப்பாகும் என்று வாதிட்டார். மேகலா அவர்கள் சொன்ன பேரம் அதன் ஒரு வடிவமே. ஸ்கோர்கார்டுக்கு மாறினால் வேறு வகைச் சிக்கல்கள் எழுகின்றன. லைப், சால்டேரியோ என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் எம்பிஏ மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு பிரிவுகளின் ஸ்கோர்கார்டுகளைக் கொடுத்து மேலாளர்களை மதிப்பிடச் சொன்னபோது, இரு பிரிவுகளுக்கும் பொதுவான அளவீடுகளே மதிப்பீட்டைத் தீர்மானித்தன. ஒரு பிரிவுக்கு மட்டுமே உரிய அளவீடுகள் ஏறத்தாழக் கண்டுகொள்ளப்படவில்லை. உங்கள் ஆலையில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவானது எது? செலவு வேறுபாடு. ஆகவே 27 அளவீடுகள் இருந்தாலும், மதிப்பிடுபவரின் கண் பட்ஜெட் தாளுக்கே போகும்.

இட்னர், லார்க்கர், மேயர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அருகில் வருகிறது. நிதிச் சேவை நிறுவனம் ஒன்றில் ஸ்கோர்கார்டு அடிப்படையில் ஊக்கத்தொகை வழங்கினார்கள். எடைகளை மேலதிகாரியின் விருப்பத்துக்கு விட்டார்கள். மேலதிகாரிகள் நிதி அளவீடுகளுக்கே பெரும் எடை தந்தார்கள், காலாண்டுக்குக் காலாண்டு அளவுகோலை மாற்றினார்கள், ஒருசார்பு என்ற முறையீடுகள் எழுந்தன. இறுதியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, வருவாயை மட்டும் வைத்துச் சூத்திரப்படி தொகை வழங்கும் முறை வந்தது. சூத்திரத்தை முழுதாக நம்புவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை கணக்குகள் என்ற விற்பனை இலக்கின் அழுத்தத்தில், ஊழியர்கள் வாடிக்கையாளர் அறியாமலே கணக்குகளைத் தொடங்கினார்கள், 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதமும், ஏறத்தாழ 5,300 ஊழியர்களின் பணிநீக்கமும் வெளியே வந்தன.

எனவே ஊக்கத்தொகைக்கு முழு ஸ்கோர்கார்டையும் பயன்படுத்த வேண்டாம் என்பேன். ஓர் அடிப்படைக் கதவு வையுங்கள்: விபத்தும் வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய சரக்கும் குறித்த வரம்பைத் தாண்டினால் அந்தக் காலாண்டுக்குத் தொகை இல்லை. கதவைக் கடந்தபின், ஆலை முழுமைக்கும் பொதுவான இலாபத்தில் ஒரு பங்கை எல்லோருக்கும் பகிருங்கள். ஸ்வீடனின் ஹாண்டல்ஸ்பேங்கன் 1970-களில் பட்ஜெட்டைக் கைவிட்டபோது ஏறத்தாழ இத்தகைய வழியைத்தான் எடுத்தது. போட்டி வங்கிகளின் சராசரியைவிட மூலதன ஈட்டம் (பங்குதாரர் மூலதனத்தின் மீது கிடைக்கும் இலாப விகிதம்) கூடுதலாக இருந்தால் இலாபப் பங்கு ஓர் அறக்கட்டளை வழியாக எல்லா ஊழியருக்கும் சென்றது.

பழைய காஸ்டிங் ஆள்

மாணவர் சொன்ன கதவு யோசனை நல்லது. ஆனால் வங்கிக்கும் வார்ப்பாலைக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆலை இலாபத்தில் பங்கு என்றால், வார்ப்புக்கான மூலப்பொருளாகிய பிக் அயர்ன் விலையும் ஸ்கிராப் விலையும் இறங்கிய ஆண்டில் யாரும் வியர்வை சிந்தாமலே தொகை கிடைக்கும். விலை ஏறிய ஆண்டில் உலைக்கு முன்னால் நின்று உழைத்தவனுக்கு ஒன்றும் இருக்காது. பங்கைக் கணக்கிடும்போது மூலப்பொருளின் விலை வேறுபாட்டைத் தனியே எடுத்துவிட்டு, அளவு வேறுபாட்டை மட்டும் சேருங்கள். விலைக்குக் கொள்முதல் பிரிவு பதில் சொல்லட்டும். அளவுக்கு உருக்குப் பிரிவு.

ஸ்டாவஞ்சர் தம்பி என்னைத் திருத்தியதையும் ஏற்கிறேன். இரண்டு நிரல் என்பதே சரி.

வார்ப்பாலைக் கணக்கர்

இந்த மாதம் செய்யப் போவதை எழுதிவிடுகிறேன். தவறு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். 10-ஆம் தேதிக் கூட்டத்தையும் 20-ஆம் தேதிக் கூட்டத்தையும் சேர்த்து 15-ஆம் தேதி ஒரே கூட்டமாக நடத்த இயக்குநரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். எட்டு அளவீடுகள், ஒவ்வொன்றுக்கும் கடந்த ஐந்து ஆண்டு உண்மை எண், இலக்கு, எதிர்பார்ப்பு, இந்த மாத உண்மை எண், ஒரு புள்ளி மாறினால் எத்தனை ரூபாய் என ஐந்து நிரல்கள். மணல் சோதனைக் கருவிக்கும் மோல்டர் பயிற்சிக்கும் தனித் தலைப்பில் பணம். ஊக்கத்தொகையை இந்த ஆண்டு தொட வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

உருக்குப் பிரிவுத் தலைவரிடம் தாளின் மாதிரியைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, ரூபாய் நிரலில் விரலை வைத்து, "இதில் எங்கள் மோல்டுக் கூலி சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டார். சேரவில்லை. சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.